வருமான வரிக் கணக்கை நானே தாக்கல் செய்த ஆறு ஆண்டுகள்

தண்டையார்பேட்டையில் குடியிருந்து, பாரிமுனையில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சம்பளமும் வங்கி வட்டியும் தவிர வேறு வருமானம் எனக்கு இல்லை. அப்படியிருந்தும் 2019 வரை, எங்கள் பகுதியில் இதைத் தொழிலாகச் செய்த ஒருவரிடம், சம்பளத்துக்கும் அதில் பிடித்த வரிக்கும் அலுவலகம் தரும் சான்றான படிவம் 16-ஐயும் 500 ரூபாயையும் கொடுத்துவிட்டு, அவர் தந்த ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துவதோடு என் கடமை முடிந்ததாக எண்ணியிருந்தேன்.

2020 அக்டோபரில், ஆதார் ஓடிபி மூலம் கடவுச்சொல்லை மாற்றி, வருமான வரித் துறையின் தளத்தில் என் கணக்கை முதன்முறையாகத் திறந்து பார்த்தேன். அதில் இருந்த கைப்பேசி எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் என்னுடையவை அல்ல, அவருடையவை. துறை எனக்கு அனுப்பிய கடிதங்கள் அனைத்தும் அவருக்கே போயிருந்தன. அதைவிட அதிர்ச்சி, முந்தைய ஆண்டுக் கணக்கில் நான் எடுக்காத மருத்துவக் காப்பீட்டுக்காக 80டி பிரிவில் என் வருமானத்திலிருந்து 25,000 ரூபாய் கழிக்கப்பட்டிருந்தது. பெருந்தொற்றை முன்னிட்டு அவ்வாண்டுக்கான திருத்தக் கணக்குக்கு 2020 நவம்பர் 30 வரை அவகாசம் நீட்டிக்கப்பட்டிருந்ததால், 20 சதவீத வரியும் 4 சதவீத மேல்வரியும் சேர்த்து 5,200 ரூபாயையும் அதற்குரிய வட்டியையும் கட்டித் திருத்த முடிந்தது. கணக்கை யார் நிரப்பினாலும், அதில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் பான் அட்டைக்கு உரியவரே என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

சம்பளம் அல்லது ஓய்வூதியம், சொந்த வீடு ஒன்று, வட்டி என்ற அளவில் மொத்த வருமானம் 50 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு ஐடிஆர்-1, அதாவது சகஜ் படிவம் பெரும்பாலும் போதும். 2021 ஜூனில் வந்த புதிய தளத்தில் பெரும்பாலான விவரங்கள் ஏற்கெனவே நிரப்பப்பட்டே வருகின்றன. ஆகவே படிவத்தை நிரப்ப எனக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆவதில்லை. அதற்கு முன் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை நான் செலவிடுவது, படிவம் 16, என் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ், 2021 நவம்பரில் அறிமுகமான ஏஐஎஸ் எனும் ஆண்டுத் தகவல் அறிக்கை ஆகிய மூன்றையும் வங்கிப் பாஸ்புக்கோடு வரிவரியாக ஒப்பிடுவதில்தான்.

பலரும் சறுக்குவது வட்டியில்தான். "டிடிஎஸ்தான் பிடிக்கலையே அக்கா, அப்புறம் எதுக்குக் காட்டணும்?" என்று பக்கத்து வீட்டுத் தம்பி ஒருமுறை கேட்டார். ஃபிக்சட் டெபாசிட் வட்டி குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால்தான் வங்கி டிடிஎஸ், அதாவது வட்டியைத் தரும்போதே அதற்கான வரியை, பிடிக்கும். வரம்புக்குள் இருந்தாலும் அது வருமானம்தான், காட்டியே ஆக வேண்டும். 80டிடிஏ (80TTA) பிரிவின் 10,000 ரூபாய்க் கழிவும் சேமிப்புக் கணக்கு வட்டிக்கே பொருந்தும், ஃபிக்சட் டெபாசிட்டுக்குப் பொருந்தாது. பெரும்பாலான கழிவுகள் இல்லாமல் வரி விகிதம் குறைவாக இருக்கும் புதிய வரி முறையில் அதுவும் கிடையாது. அதே சமயம் ஏஐஎஸ்ஸில் இருப்பதெல்லாம் சரி என்றும் கொள்ளக் கூடாது. ஓராண்டு என்னுடைய ஒரே டெபாசிட்டின் வட்டி அதில் இரண்டு முறை பதிவாகியிருந்தது. அந்தப் பதிவு இரட்டிப்பானது என்று அங்கேயே கருத்துப் பதிந்து, வங்கிச் சான்றிதழையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

எந்த வரி முறை என்பதை ஆண்டுதோறும் புதிதாகக் கணக்கிடுகிறேன். 2024-25 நிதியாண்டில் என் சம்பளம் 7,20,000 ரூபாய். பழைய முறையையே அலுவலகத்தில் சொல்லியிருந்ததால் 23,400 ரூபாய் டிடிஎஸ் பிடித்திருந்தார்கள். தாக்கல் செய்யும்போது இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன்: புதிய முறையில் 75,000 ரூபாய் நிலையான கழிவு போக, 22,000 ரூபாய் வட்டியைச் சேர்த்தாலும் வரிக்குரிய வருமானம் 6,67,000 ரூபாய்தான் வந்தது. அவ்வாண்டு 7 லட்சம் வரை 87ஏ பிரிவின் தள்ளுபடி இருந்ததால் வரி ஏதுமில்லை. பிடித்த தொகை முழுவதும் திரும்பி வந்தது. தொழில் வருமானம் இல்லாதவர்கள் இப்படிக் கணக்கிலேயே முறையை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பழைய முறை வேண்டுமென்றால் கெடு தேதிக்குள் தாக்கல் செய்தாக வேண்டும்.

ரீஃபண்ட் என்றதும் நம் ஊர்ப் பெயர்களின் சிக்கலையும் சொல்ல வேண்டும். வங்கியில் என் பெயர் இனிஷியலோடு இருக்கிறது. பான் அட்டையிலோ அந்த இனிஷியல் அப்பாவின் முழுப் பெயராக விரிந்திருக்கிறது. அதனால் 2021-இல் வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு தோற்று, பணம் வராமல் நின்றது. வங்கிப் பதிவில் பெயரைத் திருத்தி, மறுபடி சரிபார்த்து, ரீஃபண்டை மீண்டும் அனுப்பக் கோரிய பிறகே கைக்கு வந்தது. கணக்குச் சரிபார்ப்பைத் தாக்கலுக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

தாக்கல் செய்த கையோடு, கணக்கு என்னுடையதே என்று இணையத்திலேயே உறுதிப்படுத்தும் இ-வெரிஃபையையும் செய்துவிடுகிறேன். 2022 ஆகஸ்ட் முதல் அதற்கு 30 நாள்தான் அவகாசம். முன்பு 120 நாள் இருந்தது.

சில வாரங்களில் 143(1) பிரிவின்படி துறையின் அறிவிப்பு மின்னஞ்சலில் வரும். சிறிய எழுத்தில் பான் எண்ணையும் அதை ஒட்டிப் பிறந்த தேதியையும் இட்டால் கோப்பு திறக்கும். நாம் காட்டிய எண் ஒரு பத்தியிலும் துறை கணக்கிட்ட எண் மறு பத்தியிலும் இருக்கும். ஆறு ஆண்டுகளின் அறிவிப்புகளையும் அச்செடுத்துக் கோப்பில் வைத்திருக்கிறேன். அதற்கு முந்தைய ஆண்டுகளின் அறிவிப்புகள் வேறொருவரின் மின்னஞ்சலுக்குப் போனவை. அவை இன்றுவரை என் கைக்கு வரவில்லை.