மூன்று பேட்டரியும் ஒரு கரண்ட் கசிவும்

2022 பொங்கலுக்கு நான்கு நாள் ஊருக்குப் போய்விட்டுத் திருவான்மியூர் திரும்பினேன். பைக் செல்ஃப் எடுக்கவில்லை. பட்டனை அழுத்தினால் ரிலேயிலிருந்து டக் டக் என்று சத்தம் மட்டும் வந்தது, மீட்டர் விளக்கு மங்கி அணைந்தது. கிக்கர் இருந்ததால் அன்று வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆனால் அந்த பேட்டரி வாங்கி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

வண்டி 2018-இல் வாங்கியது. 150 சிசி, கார்புரேட்டர், 12 வோல்ட் 5 ஏஹெச் (ஆம்பியர் ஹவர், அதாவது கொள்ளளவு) பேட்டரி. வண்டியோடு வந்த முதல் பேட்டரி மூன்று வருடம் உழைத்தது. சென்னை வெயிலுக்கு அது நியாயமான ஆயுள்தான். சூடு கூடக் கூட பேட்டரி சும்மா இருக்கும்போதே சார்ஜை இழக்கும், உள்ளே தகடுகளும் சீக்கிரம் கெடும். இரண்டாவது ஆறு மாதத்தில் படுத்ததால் வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள். மூன்றாவது, அதே வருடம் மே மாதம் மூன்று நாள் வண்டியை எடுக்காமல் விட்டதும் படுத்தது. மெக்கானிக் கடையில் ஒரே பதில்: "பேட்டரி வீக்கு சார், மாத்திடுங்க."

புதுப்பேட்டையில் ஒரு பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். அவர் பேட்டரியைத் தொடவே இல்லை. "தம்பி, ஓடும்போது ஏறுதான்னு எல்லாரும் பாக்குறாங்க. நிக்கும்போது எறங்குதான்னு பாத்தியா?" என்று கேட்டார். அங்கிருந்து நேராக ரிச்சி தெருவுக்குப் போய் முந்நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். இந்த வண்டிக்கு நான் செய்த செலவுகளிலேயே உருப்படியானது அதுதான்.

முதலில் பேட்டரியை வெளியே எடுத்து, அரை ஆம்பியரில் இரவு முழுக்க மெதுவாக சார்ஜ் போட்டேன். சிறிய பேட்டரிக்கு அதன் ஏஹெச் அளவில் பத்தில் ஒரு பங்கு கரண்ட் போதும். கார் சார்ஜரில் வேகமாக ஏற்றினால் கெடும். சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் 12.7 வோல்ட். நல்ல பேட்டரி 12.6-க்கு மேல் நிற்க வேண்டும். 12-க்குக் கீழே வந்தால் கிட்டத்தட்ட காலி. வண்டியில் மாட்டி ஸ்டார்ட் செய்து பார்த்தேன். ஐடிலில் 13.0, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கினால் 14.2. 13.5-லிருந்து 14.5-க்குள் வந்தால் சார்ஜிங் சரி. அப்படியானால் இன்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் காயிலில் குறையில்லை.

சரி, அப்புறம் அவர் சொன்ன சோதனை. சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றினேன். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருகி, மீட்டரின் ஒரு முனையைக் கழற்றிய வயரிலும் இன்னொரு முனையை பேட்டரியின் மைனஸிலும் வைத்தேன். 0.04 காட்டியது. சின்ன அளவுதான் என்று தெரிந்ததும் மில்லி ஆம்பியர் ரேஞ்சுக்கு மாறினேன்: 38 மில்லி ஆம்பியர். மீட்டர் இப்படி இருக்கும்போது சாவி போடவோ செல்ஃப் அடிக்கவோ கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். முடிந்ததும் சிவப்பு வயரை வோல்ட் துளைக்கு மாற்ற மறக்கக் கூடாது. மறந்துபோய் அப்படியே வோல்டேஜ் பார்க்கப் போனால் பேட்டரி நேராக ஷார்ட் ஆகும்.

38 மில்லி ஆம்பியர் கேட்பதற்குக் கொஞ்சம்தான். ஆனால் 24 மணி நேரத்துக்குப் பெருக்கினால் 0.9 ஏஹெச். ஐந்தரை நாளில் முழு பேட்டரியும் காலி. என் தினசரி ஓட்டம் பெருங்குடி வரை, 20 நிமிடம், அதில் பாதி சிக்னலில் நிற்பது. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் இன்ஜின் ஓடும்போது ஹெட்லைட்டை அணைக்க முடியாது; என் வண்டியில் அது மட்டுமே கிட்டத்தட்ட 3 ஆம்பியர் இழுக்கிறது. ஐடிலில் பேட்டரிக்கு எதுவும் மிஞ்சாது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கடன் ஏறி, நாலு நாள் லீவு வந்ததும் மொத்தமாக விழுந்திருக்கிறது. பொங்கலும் மே மாதமும் ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

முதல் சந்தேகம், ஹேண்டில் பாரில் நான் மாட்டிய யுஎஸ்பி சார்ஜர். நேராக பேட்டரியில் கொடுத்திருந்தேன். கழற்றியதும் 38 என்பது 29 ஆனது. அதோடு தீர்ந்தது என்று விட்டது என் தவறு. மூன்று வாரம் கழித்து மறுபடி டக் டக்.

இரண்டாம் முறை பொறுமையாக ஒவ்வொரு கனெக்டராகப் பிடுங்கினேன். ஹாரன், இன்டிகேட்டர், இக்னிஷன் சுவிட்ச், எதிலும் மாற்றமில்லை. சீட்டுக்குக் கீழே ஆர்.ஆர். யூனிட்டின் (ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்) கனெக்டரைப் பிடுங்கியதும் மீட்டர் 1-க்கும் கீழே இறங்கியது. அந்த நிமிடம் கிடைத்த நிம்மதியைச் சொல்ல வார்த்தை இல்லை. காயிலிலிருந்து வரும் ஏசி கரண்டை பேட்டரிக்கு வேண்டிய டிசியாக்கும் டயோடுகள் அதற்குள் இருக்கின்றன. அவை ஒருவழிப் பாதை. அதில் ஒன்று லேசாகக் கெட்டால் வண்டி ஓடும்போது சார்ஜ் ஏறும், நிற்கும்போது பேட்டரியிலிருந்து பின்னோக்கிக் கசியும். வண்டி ஓட்டி வந்த சூட்டில் பார்த்தால் கசிவு இன்னும் கூடுதலாக இருந்தது. கனெக்டரின் பின்களிலும் பச்சைக் களிம்பு. கடற்காற்று படும் எங்கள் பக்கத்தில் இது சகஜம்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதிய யூனிட் வாங்கி மாட்டினேன். பின்களைச் சுத்தம் செய்து, டெர்மினல்களில் பெட்ரோலியம் ஜெல்லி தடவினேன். எல்லோரும் தூக்கிப் போடச் சொன்ன அந்த மூன்றாவது பேட்டரியையே மறுபடி வைத்தேன். அது 2024 நவம்பர் வரை ஓடியது. இரண்டு தடவை அடியோடு காலியாகாமல் இருந்திருந்தால் இன்னும் ஓடியிருக்கும் என்று நினைக்கிறேன்.

இடையில் மாதம் ஒருமுறை மீட்டர் வைத்தேன். செல்ஃப் அடிக்கும் நொடியில் வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்பதே எனக்கு முக்கியம். ஆரம்பத்தில் 10.6, கடைசியில் 9.3. அதைப் பார்த்ததும், மழைக்காலத்தில் நடுவழியில் நிற்க வேண்டாம் என்று நானே மாற்றினேன். புதியதை மாட்டும்போது பிளஸ் முதலில், கழற்றும்போது மைனஸ் முதலில். ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பொறி வராது.

என் மச்சானுடைய பிஎஸ்6 வண்டியில் கிக்கரே இல்லை, இன்ஜெக்‌ஷன் வேறு. பேட்டரி அடியோடு இறங்கினால் இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப் ஓடாது, தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது. வேளச்சேரியில் வாரத்துக்கு ஒருமுறைதான் அதை எடுக்கிறான், ஜிபிஎஸ் டிராக்கரும் மாட்டியிருக்கிறான். இரண்டாவது பேட்டரி வாங்கப் போவதாகச் சொன்னான். இந்த ஞாயிற்றுக்கிழமை மீட்டரோடு வருகிறேன், அதுவரை எதையும் வாங்காதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.