கொடைக்கானல் காட்டேஜுக்கு அட்வான்ஸ் போடுவதற்கு முன்னால்

பள்ளிக்கூட லீவு விட்டதும் மதுரையிலிருந்து கொடைக்கானல் கிளம்பும் குடும்பங்கள், வருஷா வருஷம் போலி புக்கிங் வலையில்தான் விழுகின்றன. பணத்தைக் கட்டிவிட்டு, வத்தலக்குண்டு வழியாக மலையேறி ஏரிப்பக்கம் போய்த் தேடினால் அந்தப் பேரில் காட்டேஜே இருக்காது. அல்லது காட்டேஜ் இருக்கும், உங்கள் பேரில் புக்கிங் இருக்காது. கைக்குழந்தையும் வயசானவர்களும் குளிரில் நிற்கும்போது, கேட்ட விலைக்கு வேறு ரூம் எடுப்பதைத் தவிர வழியில்லை.

இரண்டாவது வகைதான் அதிக ஆபத்து. லாட்ஜ் நிஜம், போட்டோ நிஜம், கூகுள் மேப்பில் காட்டும் இடமும் நிஜம். போன் நம்பர் மட்டும் ஏமாற்றுக்காரனுடையது. மேப்பில் உள்ள நம்பரை மாற்றும்படி யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். லாட்ஜ்காரர் கவனிக்காவிட்டால் அது அப்படியே நின்றுவிடும்.

முதலில் சின்னத் தொகைதான் கேட்பார்கள். போட்டதும், "சார், ஜிஎஸ்டியோட சேர்த்து ஒரே தொகையா வந்தாத்தான் சிஸ்டம் எடுக்கும், முன்னாடி போட்டது தானா திரும்பிரும்" என்பார்கள். திரும்பாது. சண்டை போட்டால் ரீஃபண்ட் என்று சொல்லி ஒரு க்யூஆர் கோடு வரும். ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் இன்னொரு தடவை பணம் போகும். பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் தேவையே இல்லை. இதை வீட்டில் எல்லாருக்கும், முக்கியமாகப் பெரியவர்களுக்கு, சொல்லி வையுங்கள்.

லாட்ஜ் நம்பரை மேப்பில் மட்டும் பார்க்காமல் இன்னொரு இடத்திலும் ஒப்பிடுங்கள். வீடியோ காலில் வாசல் போர்டிலிருந்து ரூம் வரைக்கும் நடந்து காட்டச் சொல்லுங்கள். "நெட்வொர்க் இல்லை" என்று நழுவினால் விட்டுவிடுங்கள். பணம் அனுப்பும்போது திரையில் வரும் கணக்குப் பெயருக்கும் லாட்ஜுக்கும் சம்பந்தமே இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

இ-பாஸ் விஷயம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும். அரசு இணையதளத்தில் அது இலவசம். "பாஸ் போட்டுத் தர்றோம்" என்று காசு கேட்பவரிடம் ஆதாரையும் போன் நம்பரையும் கொடுக்காதீர்கள். மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டிலிருந்து அரசு பஸ்ஸில் போனால் பாஸே வேண்டாம்.

வேன் வாடகையில் ஏமாறுவது வேறு மாதிரி. அங்கே பொய்யைவிடச் சொல்லாமல் விடுவதுதான் அதிகம். ஒரு நாள் என்பது பெரும்பாலும் 24 மணி நேரம் அல்ல, ராத்திரி 12 முதல் அடுத்த ராத்திரி 12 வரை. வெள்ளிக்கிழமை ராத்திரி 10 மணிக்கு ஏறினால் அந்த இரண்டு மணி நேரமும் ஒரு நாள் கணக்கு. கிலோமீட்டரும் உங்கள் வீட்டு வாசலிலிருந்து அல்ல, ஷெட்டிலிருந்து ஷெட்டுக்கு. டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் தனி. மலையேற்றத்தில் ஏசியை அணைத்துவிடும் வண்டிகளும் உண்டு. எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள், வண்டி நம்பரோடு. அந்த நம்பரை அரசின் எம்-பரிவாகன் ஆப்பில் போட்டால் எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் தேதி தெரியும். வாடகை குறைவு என்று வெள்ளை போர்டு வண்டியில் ஏறாதீர்கள். சொந்த உபயோக வண்டி வாடகைக்கு ஓடி விபத்தானால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க அது ஒன்றே போதும்.

பணம் போய்விட்டதா? வீட்டில் திட்டுவார்களே என்று ஒரு மணி நேரம்கூடத் தள்ளாதீர்கள். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் முடக்க முடிந்தால்தான் மீட்க வாய்ப்பு. யூபிஐ ரசீதில் உள்ள 12 இலக்க எண், அனுப்பிய நேரம், எதிராளியின் யூபிஐ ஐடி மூன்றும் கையில் இருக்கட்டும். அவர்களோடு பேசிய வாட்ஸ்அப் மெசேஜ்களை அழிக்க வேண்டாம். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் எழுத்தாகவும் பதியுங்கள், பேங்குக்கும் சொல்லுங்கள். நிஜமான லாட்ஜுக்கும் தகவல் கொடுங்கள். அதே நம்பருக்கு அந்த நேரத்தில் இன்னொரு குடும்பம் பணம் போட்டுக்கொண்டிருக்கலாம்.