ஒரு விசிலா, ஒரு கால்பகுதியா? 1988, 2002 ஆறாம் ஆட்டங்கள்

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் நடுவர் தீர்ப்பால் கை நழுவிப்போன ஆட்டம் எது என்ற பேச்சு எழும்போதெல்லாம், டெட்ராய்ட் ரசிகர்கள் 1988ஐயும் சாக்ரமெண்டோ ரசிகர்கள் 2002ஐயும் சொல்வார்கள். இரண்டு ஊர்க்காரர்களும் தங்கள் காயமே பெரிது என்கிறார்கள். இரண்டு ஆட்டங்களின் பதிவுகளையும் பலமுறை பார்த்தவன் என்ற முறையில், இரண்டையும் அருகருகே வைத்து எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை.

ஒற்றுமைகள் வியக்க வைக்கின்றன. இரண்டுமே, முதலில் நான்கு வெற்றி பெறும் அணி வெல்லும் ஏழு ஆட்டத் தொடரின் ஆறாம் ஆட்டங்கள். இரண்டிலும் எதிரணி லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ். நடந்த இடமும் லேக்கர்ஸின் சொந்த அரங்கம்தான். 1988இல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ், 2002இல் சாக்ரமெண்டோ கிங்ஸ் என இரு அணிகளும் மூன்றுக்கு இரண்டு என்ற முன்னிலையோடு அந்த அரங்கத்துக்குள் நுழைந்தன. இரண்டும் அன்று தோற்று, ஏழாம் ஆட்டத்திலும் தோற்று, லேக்கர்ஸ் கோப்பை தூக்குவதைப் பார்க்க நேர்ந்தது. பணயத்தில்தான் வேறுபாடு. 1988இல் நடந்தது இறுதிச் சுற்று. அன்று வென்றிருந்தால் பிஸ்டன்ஸ் தன் வரலாற்றின் முதல் என்.பி.ஏ. கோப்பையை அந்த இரவிலேயே கையில் ஏந்தியிருக்கும். 2002இல் நடந்தது மேற்குப் பிரிவின் இறுதி. வென்றிருந்தாலும் கிங்ஸ் இன்னும் ஒரு சுற்று ஆட வேண்டியிருந்தது. ஆனால் கிழக்கிலிருந்து வந்த நியூ ஜெர்சி நெட்ஸை லேக்கர்ஸ் நான்குக்குப் பூஜ்ஜியம் என்று துடைத்தெறிந்ததைப் பார்த்தால், உண்மையான இறுதிப் போட்டி மேற்கிலேயே முடிந்துவிட்டது என்று சாக்ரமெண்டோக்காரர்கள் சொல்வதை மறுப்பது கடினம்.

முதலில் 1988 ஜூன் 19. இங்கிள்வுட் நகரின் ஃபோரம் அரங்கம். நான்கு கால்பகுதிகள் கொண்ட ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதியில் பிஸ்டன்ஸின் ஐசையா தாமஸ் ஆடிய ஆட்டத்தைச் சொல்லாமல் அந்த விசிலைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது. லேக்கர்ஸின் மைக்கேல் கூப்பரின் பாதத்தின் மீது கால் வைத்துக் கணுக்கால் பிசகிய பிறகும், ஒற்றைக் காலில் நொண்டியபடியே களத்துக்குத் திரும்பி வந்து, அந்த ஒரு கால்பகுதியில் மட்டும் 25 புள்ளிகள் எடுத்தார். இறுதிச் சுற்று வரலாற்றில் ஒரு கால்பகுதிக்கு அதுவே சாதனை. ஆட்டம் முழுவதிலும் அவர் எடுத்தது 43. பந்தை வீசிவிட்டுத் தரையிறங்கும்போது அவர் முகம் வலியில் சுருங்குவதையும், பின்வாங்கி ஓடும்போது வலது காலைத் தரையில் ஊன்றாமல் தத்திச் செல்வதையும் இன்றைக்குப் பார்த்தாலும் நெஞ்சு பதறுகிறது.

கடைசி நிமிடத்தில் பிஸ்டன்ஸ் 102க்கு 101 என்று ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தது. பந்து லேக்கர்ஸின் கரீம் அப்துல்-ஜப்பாரிடம் போனது. நாற்பத்தொரு வயதான அவர், கையைத் தலைக்கு மேல் வளைத்துப் பந்தை வீசும் தன் புகழ்பெற்ற ஸ்கைஹுக்கை வீசினார். பந்து வளையத்தில் விழவில்லை. ஆனால் 14 விநாடிகள் மீதமிருக்கையில் நடுவர் ஹ்யூ எவன்ஸின் விசில் ஒலித்தது. பின்னால் நின்ற பிஸ்டன்ஸின் பில் லேம்பியர் மீது ஃபவுல், அதாவது விதிமீறித் தொட்டதாகத் தீர்ப்பு. அதற்காகக் கிடைத்த, யாரும் தடுக்காமல் வீசும் ஒரு புள்ளி வாய்ப்புகளான இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் கரீம் போட, கணக்கு 103க்கு 102 என்று மாறியது. பதிவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால், லேம்பியரின் உடல் கரீமை ஒட்டி நிற்பது தெரிகிறதே தவிர, அந்த வீச்சைக் கெடுக்கும் அளவுக்குத் தொடுதல் எதுவும் எனக்குத் தெரியவில்லை. டெட்ராய்ட்டில் அதை 'ஆவி ஃபவுல்' என்ற பொருளில் அழைப்பதற்குக் காரணமும் அதுதான். ஆடை மாற்றும் அறையில் பிஸ்டன்ஸுக்காகத் தயாராக வைக்கப்பட்டிருந்த ஷாம்பெய்ன், திறக்கப்படாமலே அங்கிருந்து அகற்றப்பட்டது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். விசிலுக்குப் பிறகும் பிஸ்டன்ஸிடம் பந்து இருந்தது, நேரமும் இருந்தது. ஜோ டூமார்ஸ் வீசிய பந்து வளையத்தில் விழவில்லை. மறுபக்கம், விசிலே ஒலிக்காமல் இருந்திருந்தாலும் கரீமின் தவறிய பந்தை யார் பிடித்திருப்பார் என்பது கேள்விக்குறிதான். ஒரே ஒரு புள்ளி முன்னிலையில் 14 விநாடிகளைத் தாண்ட வேண்டியிருந்தது. அந்த விசில் பிஸ்டன்ஸிடமிருந்து கோப்பையைப் பறித்தது என்பதைவிட, கோப்பைக்கு மிக அருகில் இருந்தவர்களைச் சட்டென்று பின்னால் தள்ளிவிட்டது என்பதே சரியான விவரிப்பு. ஏழாம் ஆட்டத்தில் ஐசையா சரியாக நடக்கவே முடியாத நிலையில் இருந்ததும், ஜேம்ஸ் வொர்த்தி 36 புள்ளிகள், 16 ரீபவுண்டுகள் (தவறிய பந்தைப் பிடிப்பது), 10 அசிஸ்டுகள் (சக வீரர் புள்ளி எடுக்கப் பந்து கொடுப்பது) என்று ஆடி லேக்கர்ஸை 108க்கு 105 என வெல்ல வைத்ததும் தனிக்கதை.

இனி 2002 மே 31, ஸ்டேபிள்ஸ் சென்டர். இதை ஒரு விசிலாகச் சுருக்க முடியாது. இதன் சிக்கலே அதுதான். லேக்கர்ஸ் 106க்கு 102 என்று வென்ற அந்த ஆட்டத்தில், நான்காம் கால்பகுதியில் மட்டும் லேக்கர்ஸுக்குக் கிடைத்த ஃப்ரீ த்ரோக்கள் 27, கிங்ஸுக்கு 9. ஆட்டம் முழுவதற்குமான கணக்கு 40க்கு 25. லேக்கர்ஸின் ஷகீல் ஓ'நீலைத் தடுத்து நின்ற கிங்ஸின் வ்லாடி டிவாட்ஸ், ஸ்காட் பொலார்ட் இருவரும், ஆறு ஃபவுல் ஆனால் ஆட்டத்தை விட்டுப் போக வேண்டும் என்ற விதிப்படி வெளியேறினார்கள். அத்தனை பெரிய உருவத்துக்கு முன்னால் நிறுத்த ஆளே இல்லாத நிலைக்கு கிங்ஸ் தள்ளப்பட்டது. ஷகீல் 41 புள்ளிகளும் 17 ரீபவுண்டுகளும் எடுத்தார்.

கடைசியில் அந்த முழங்கை. லேக்கர்ஸ் 103க்கு 102 என்று முன்னிலையில் இருக்க, ஏறத்தாழ பன்னிரண்டு விநாடிகள் மிச்சம். எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து வரும் பந்தை வாங்குவதற்காக கிங்ஸின் மைக் பிபியிடமிருந்து விடுபட முயன்ற லேக்கர்ஸின் கோபி பிரையன்ட்டின் முழங்கை, பிபியின் மூக்கில் நேராகப் பட்டது. பிபி கீழே விழுந்தார், மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. அதற்கு விசில் ஒலிக்கவில்லை. இருபத்தேழு முறை ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு வழிவிட்ட அதே கால்பகுதியில், ரத்தம் வந்த இடத்தில் மட்டும் விசில் மௌனமானதைத்தான் சாக்ரமெண்டோக்காரர்களால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. என்னாலும் முடியவில்லை.

லேக்கர்ஸ் ரசிகர்களின் வாதத்திலும் உண்மை இருக்கிறது. ஷகீலை ஃபவுல் செய்யாமல் தடுப்பது எவருக்கும் எளிதல்ல. முந்தைய ஆட்டத்தில் அவரே ஆறு ஃபவுல்களோடு வெளியேறியிருந்தார், அப்போது குறை சொன்னது லேக்கர்ஸ் தரப்பு. ஃப்ரீ த்ரோக்களின் எண்ணிக்கை ஒன்றை மட்டும் வைத்து ஒருதலைப்பட்சம் என்று தீர்ப்பெழுத முடியாது என்பதையும் ஏற்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏழாம் ஆட்டம் சாக்ரமெண்டோவின் சொந்த ஆர்கோ அரங்கத்தில் நடந்தது. கூடுதல் நேரம்வரை போன அந்த ஆட்டத்தில் கிங்ஸ் 30 ஃப்ரீ த்ரோக்களில் 16ஐத்தான் போட்டது. 112க்கு 106 என்ற அந்தத் தோல்விக்கு நடுவர்களைக் குறை சொல்ல வழியில்லை.

சிலர் மூன்றாவதாக 1994 மே 18இல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த சிகாகோ, நியூயார்க் அணிகளின் ஐந்தாம் ஆட்டத்தையும் இந்தத் தராசில் வைப்பார்கள். 2.1 விநாடிகள் இருக்கையில், நியூயார்க்கின் ஹியூபர்ட் டேவிஸ் பந்தை விட்ட பிறகு அவர் கையைத் தொட்டதற்காக சிகாகோவின் ஸ்காட்டி பிப்பன் மீது நடுவர் ஹ்யூ ஹாலின்ஸ் ஃபவுல் கொடுத்தார். நியூயார்க் 87க்கு 86 என்று வென்றது. அதே ஆட்டத்தில் நடுவராக இருந்த டாரெல் கேரட்சனே பின்னாளில் அது மோசமான தீர்ப்பு என்று ஒப்புக்கொண்டார். தவறு ஒப்புக்கொள்ளப்பட்ட வகையில் அது தனி ரகம். ஆனால் அது இரண்டாம் சுற்று, அதற்குப் பிறகும் சிகாகோ ஆறாம் ஆட்டத்தை வென்று தொடரைச் சமன் செய்தது. ஆகவே மற்ற இரண்டோடும் ஒரே தட்டில் வைக்க என் மனம் ஒப்பவில்லை.

ஆக, 1988ஆ 2002ஆ? இன்றைய விதிகளை அந்த இரண்டு இரவுகளுக்கும் பொருத்திப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. 2019-20 பருவத்திலிருந்து பயிற்சியாளர் ஒரு ஃபவுல் தீர்ப்பை எதிர்த்து மறு ஆய்வு கேட்கலாம். 1988இல் பிஸ்டன்ஸ் பயிற்சியாளர் சக் டேலிக்கு அந்த உரிமை இருந்திருந்தால், லேம்பியர் மீதான ஃபவுலை அங்கேயே திரையில் பார்த்து மாற்ற வைத்திருக்கக் கூடும். 2002இல் கிங்ஸ் பயிற்சியாளர் ரிக் அடெல்மனுக்கு அதே உரிமை இருந்திருந்தால் எதை எதிர்ப்பார்? இருபத்தேழு ஃப்ரீ த்ரோக்களைத் தந்த விசில்களில் ஒவ்வொன்றையும் தனியே எடுத்துப் பார்த்தால் பலவற்றைச் சரியென்றே வாதாடலாம்; அவற்றின் மொத்தத்தை எதிர்த்து முறையிட எந்த விதியிலும் இடமில்லை. அதே 2002 தொடரின் நான்காம் ஆட்டத்தில் லேக்கர்ஸின் சமாகி வாக்கர் மணியொலிக்குப் பிறகு வீசிய மூன்று புள்ளி கணக்கில் சேர்ந்துவிட்டது. அடுத்த பருவமே, அத்தகைய வீச்சைப் பதிவில் பார்த்து முடிவெடுக்கும் ரிப்ளே விதி வந்தது. ஆறாம் ஆட்டத்துக்கு அப்படி ஒரு மருந்து கண்டுபிடிக்கப்படவில்லை.

2008இல், சூதாட்ட வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்ட முன்னாள் நடுவர் டிம் டோனகி, தொடரை ஏழாம் ஆட்டத்துக்கு இழுக்க நடுவர்கள் இருவர் முனைந்ததாகத் தன் வழக்கறிஞர் வழியே நீதிமன்றத்தில் குற்றம் சாட்டினார். அணிகளின் பெயர் அதில் இல்லாவிட்டாலும், எந்த ஆட்டம் என்பதில் யாருக்கும் ஐயம் எழவில்லை. லீக் அதை மறுத்தது. குற்றச்சாட்டு நிரூபணமாகவும் இல்லை. அந்த ஆளின் சொல்லை நம்பி யாரையும் குற்றவாளியாக்க நான் தயாரில்லை. ஆனாலும் அந்தச் செய்தி வந்தபின் 2002இன் பதிவைப் பழைய கண்ணோடு பார்க்க முடியாமல் போனது. 1988இன் விசிலை ஒரு மனிதனின் பிழை என்று மன்னிக்க முடிகிறது. 2002இன் கால்பகுதியை எந்தப் பெயரிட்டு மன்னிப்பது என்றே தெரியவில்லை. அதனால்தான் என் தராசு சாக்ரமெண்டோ பக்கம் சாய்கிறது.

அடுத்து வந்த ஆண்டுகளும் அந்தப் பக்கமே கனம் சேர்க்கின்றன. பிஸ்டன்ஸ் மறு ஆண்டே அதே லேக்கர்ஸை இறுதிச் சுற்றில் நான்குக்குப் பூஜ்ஜியம் என்று வென்று, 1990இலும் கோப்பையைத் தக்கவைத்தது. கிங்ஸுக்கோ, ராசெஸ்டர் ராயல்ஸ் என்ற பெயரில் இருந்தபோது 1951இல் வென்றதுதான் ஒரே கோப்பை. 61 வெற்றிகளோடு லீக்கிலேயே முதலிடம் பிடித்த 2002க்குப் பிறகு, மறு ஆண்டு, பருவத்தின் முடிவில் நடக்கும் பிளே ஆஃப் சுற்றுகளில், கிங்ஸின் நட்சத்திரம் கிறிஸ் வெபரின் முழங்காலில் பலத்த காயம் ஏற்பட்டது. 2006க்குப் பிறகு பதினாறு பருவங்கள் பிளே ஆஃப் பக்கமே போக முடியவில்லை. 2023இல் அணி ஒருவழியாக மீண்டு வந்தபோது, ஆர்கோ அரங்கத்தில் தொண்டை கிழியக் கத்திய இளைஞர்கள் நாற்பதைத் தாண்டியிருந்தார்கள். அந்த அரங்கமே இடிக்கப்பட்டுவிட்டது. அந்த ஆண்டும் முதல் சுற்றில், ஏழாம் ஆட்டத்தில், சொந்த ஊரில்தான் தோற்றார்கள்.