போர்வெல் மோட்டார் கண்ட்ரோலரில் எந்த மெமரி தாக்குப்பிடிக்கிறது?

நானே செய்த போர்வெல் மோட்டார் கண்ட்ரோலர் சில வருடங்களாக வீட்டில் ஓடுகிறது. உள்ளே இருக்கும் மைக்ரோகண்ட்ரோலர் சிப் ஏடிமெகா328பி. தொட்டியின் மட்டம், மோட்டார் ஓடிய நேரம் இரண்டையும் நிமிடத்துக்கு ஒருமுறை சேமிக்கும். கரண்ட் போய் வந்தாலும் கணக்கு விட்ட இடத்திலிருந்து தொடரவேண்டும்.

சிப்புக்குள்ளேயே, கரண்ட் போனாலும் அழியாத ஈப்ராம் மெமரி 1024 பைட் இருக்கிறது, ஆனால் ஒரே இடத்தில் 1,00,000 முறை எழுதுவதற்குத்தான் டேட்டாஷீட் உத்தரவாதம் தருகிறது. ஒரு நாளைக்கு 1440 முறை எழுதினால் எழுபது நாளில் அது முடிந்துவிடும். அதனால் எப்போதாவது மாறும் செட்டிங்ஸ் மட்டும்தான் அங்கே வைத்திருக்கிறேன், அதுவும் மதிப்பு மாறியிருந்தால் மட்டும் எழுதும் அப்டேட் ஃபங்ஷன் வழியாக. அந்த வேலைக்கு அதுவே தாராளம்.

அடுத்து 24சி256, வெளியே தனியாக மாட்டும் ஈப்ராம் சிப். மலிவு, 32 கிலோபைட், பத்து லட்சம் முறை தாங்கும் என்கிறார்கள், அதுவும் நம் வேகத்தில் இரண்டு வருடம்கூட வராது, இடத்தை மாற்றி மாற்றி எழுத வேண்டியதுதான். ஒரு விஷயம் கவனியுங்கள்: 64 பைட் பக்கத்தின் எல்லையைத் தாண்டி ஒரே மூச்சில் எழுதினால் மிச்சம் அடுத்த பக்கத்துக்குப் போகாது, அதே பக்கத்தின் தலைக்குச் சுற்றி வந்து பழைய டேட்டாவை அழித்துவிடும். எழுதி முடிக்க 5 மில்லிவினாடி வரை ஆகும், அந்த நேரம் பார்த்து கரண்ட் போனால் போச்சு.

எனக்கு மனநிறைவு தந்தது எஃப்ராம்தான், கரண்ட் போனாலும் அழியாத இன்னொரு வகை மெமரி. எம்பி85ஆர்சி256வி, அதே 32 கிலோபைட், அதே இரண்டு வயர் ஐ2சி இணைப்பு. ஒரு லட்சம் கோடி முறை தாங்கும், எழுதிய பின் காத்திருக்கவே வேண்டாம், நாலு பைட் கவுண்டர் ஒரு மில்லிவினாடிக்குள் உள்ளே போய்விடும். விலை பல மடங்கு, ஆனால் இந்த ஒரு வேலைக்குக் கொடுக்கலாம் என்றுதான் சொல்வேன். அப்பவும் கவுண்டரை இரண்டு இடத்தில், வரிசை எண்ணும் சிஆர்சியும் (டேட்டா கெட்டிருக்கிறதா என்று காட்டும் சோதனை எண்) சேர்த்து, மாறி மாறி எழுதுகிறேன். ஒன்று பாதியில் நின்றாலும் மற்றது கைகொடுக்கும்.

மாதக்கணக்கில் லாக் வேண்டுமென்றால் எஸ்டி கார்டு சரி, கவுண்டருக்கு வேண்டாம்.

ஏடிமெகாவுக்குப் பதில் இஎஸ்பி32 சிப் வைத்திருப்பவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: அதில் ஈப்ராம் என்ற பெயரில் லைப்ரரி இருந்தாலும் பின்னால் இருப்பது ஃப்ளாஷ்தான், அழிப்பது 4096 பைட் செக்டராகத்தான். செட்டிங்ஸுக்கு அந்த ஃப்ளாஷில் சேமித்துத் தரும் என்விஎஸ் லைப்ரரி போதும், நிமிடக் கணக்குக்கு அதிலும் நான் எஃப்ராம்தான் மாட்டுவேன்.