வாசலில் பதித்த மெடல்: வாங்கலாமா?

விளிம்பைச் சுற்றி ‘லிவ் பெட்டர் எலெக்ட்ரிக்கலி’ (மின்சாரத்தால் இன்னும் நன்றாக வாழுங்கள்) என்று பொறித்த பித்தளை மெடல் இது. சட்டையில் குத்திக்கொள்கிற சமாச்சாரம் இல்லை. அமெரிக்காவில் 1950களின் கடைசியிலும் 60களிலும் கட்டிய வீடுகளில் வாசல் பக்கம் பதித்தது. அகலம் மூன்று அங்குலம் இருக்கும். ஒஹையோவில் மகள் வீட்டுக்கு வந்த இடத்தில், பழம்பொருள் கடை ஒன்றில் 30 டாலருக்கு ஒன்று வாங்கினேன். அப்புறம் இணையத்தில் இன்னொன்று, தபால் செலவோடு 52 டாலர். “ஊர்ல போட்டா ஒரு பிடி பேரீச்சம்பழம் தேறாது மாமா” என்றார் மாப்பிள்ளை. அவர் கம்ப்யூட்டர்காரர். நான் மின்வாரியத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன், எனக்கு இதன் அருமை தெரியும்.

ஃபிரிட்ஜ், அடுப்பு, வாஷிங் மெஷின் எல்லாம் விற்க வேண்டும், கரண்டும் விற்க வேண்டும். அதற்காக ஜெனரல் எலெக்ட்ரிக்கும் வெஸ்டிங்ஹவுஸும் சுமார் 300 மின்சார கம்பெனிகளைச் சேர்த்துக்கொண்டு 1956-இல் தொடங்கிய விளம்பரம் இது. மறு வருஷம் மெடல் வந்தது. சமையல், துவைத்தல், வெளிச்சம் எல்லாம் கரண்டில் நடந்து, வயரிங்கும் லோடு தாங்குகிற மாதிரி இருந்தால் வாசலுக்கு ஒரு மெடல். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவதும் கரண்டில் என்றால் ‘கோல்டு மெடாலியன்’. அந்தக் காலத்துப் பழைய வீடுகள் பலவற்றில் 30 ஆம்பியர், 60 ஆம்பியர் சர்வீஸ்தான். அதில் மின் அடுப்பையும் துணி காயவைக்கிற டிரையரையும் சேர்த்துப் போட்டால் ஃபியூஸ் போய்விடும். ஆகவே மெடலைப் பார்க்கிற வீடு வாங்க வந்தவருக்கு, வயரிங்கைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று அர்த்தம். நான் இதை லோடு சர்டிபிகேட் என்றுதான் சொல்வேன், மாட்டுகிற ஆணியோடு கொடுத்த சர்டிபிகேட்.

பின்னாளில் ஜனாதிபதியான ரொனால்டு ரீகன் அப்போது ஜெனரல் எலெக்ட்ரிக்கின் டிவி நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்தார். பசிபிக் பாலிசேட்ஸில் அவர் கட்டிய வீட்டில் கம்பெனி தன் கருவிகளை எல்லாம் நிரப்பி, அந்த வீட்டையே விளம்பரத்தில் காட்டியது.

மின்சார கம்பெனிக்கு இதில் என்ன லாபம்? ஏசி வந்ததும் பல கம்பெனிகளுக்குக் கோடையில் லோடு உச்சிக்குப் போய், குளிர்காலத்தில் மின் உற்பத்தி மிஷின்கள் சும்மா கிடந்தன. வீட்டு ஹீட்டரைக் கரண்டுக்கு மாற்றிவிட்டால் அந்தப் பள்ளம் நிரம்பும். கட்டணத்தையும் அதற்குத் தோதாக வைத்தார்கள்: அதிகம் எரித்தால் யூனிட் விலை குறையும். நம் ஊரில் ஸ்லாப் ஏற ஏற ரேட் ஏறும். “கொஞ்சம் குறைச்சு எரிங்கம்மா, ஸ்லாப் மாறாது” என்று கவுண்டரில் சொல்லியே பழகிய எனக்கு, இது தலைகீழ் உலகம். ஹீட்டருக்கு கேஸ் வாங்குகிறவர்கள் கைவிட்டுப் போனால் கேஸ் கம்பெனிகள் சும்மா இருக்குமா? முழு மின்சாரக் காலனி கட்டுகிறவர்களுக்கு வர்ஜீனியா மின் கம்பெனி தரையடி கேபிளை இலவசமாகப் போட்டுத் தந்தது என்று வாஷிங்டன் கேஸ் லைட் என்ற கேஸ் கம்பெனி கோர்ட்டுக்கே போனது. 1973 எண்ணெய் நெருக்கடி வந்ததும் மெடலுக்கு மவுசு போய்விட்டது. மின் ஹீட்டர் போட்டவர்கள் பில்லைப் பார்த்துத் தலையில் கைவைத்தார்கள்.

சரி, என் கையில் இருக்கிற இரண்டுக்கு வருகிறேன்.

கடையில் வாங்கியது அருமை. முகம் பழுப்பேறியிருக்கிறது, எழுத்துப் பள்ளங்களில் வெள்ளை பெயின்ட்டும் அதன் மேல் பச்சையும். சுவருக்குப் பெயின்ட் அடித்தவர் யாரோ மெடலை மறைக்கச் சோம்பல்பட்டு அதன் மேலேயே பிரஷை இழுத்திருக்கிறார். பின்பக்கம் ஒரு தண்டு, அதில் சிமென்ட் துணுக்கு இன்னும் ஒட்டியிருக்கிறது. செங்கல் சுவரில் பதித்திருந்தது என்று அதிலேயே தெரிகிறது. விளிம்பில் ஒரு இடத்தில் உளி பட்ட காயம். இதற்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன்.

இணையத்தில் வந்ததுதான் ஏமாற்றம். பெயர் வேண்டாம், அந்த விற்பனையாளர் ‘தங்க முலாம், புத்தம் புதுசு மாதிரி’ என்று போட்டிருந்தார். பிரித்தால், புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கு மாதிரி பளபளக்கிறது. முலாமாவது ஒன்றாவது, வெறும் பித்தளை. பாலிஷ் மெஷினில் கொடுத்து எழுத்தின் ஓரங்களை வேறு மழுங்க அடித்திருக்கிறார். விரலால் தடவினாலே வித்தியாசம் தெரியும்: முதல் மெடலில் எழுத்து விரலில் தட்டும், இதில் வழுக்கும். பின்பக்கத் தண்டையும் அறுத்துவிட்டு இரட்டைப் பக்க ஒட்டு டேப் ஒட்டி அனுப்பியிருக்கிறார். கேட்டதற்கு, “மாட்டச் சௌகரியமாக இருக்கும்” என்று பதில். இதற்கு ஒன்றரைக்கு மேல் கிடையாது.

வாங்க நினைக்கிறவர்களுக்கு: முதலில் பின்பக்கப் படம் கேளுங்கள். தண்டோ திருகு ஓட்டையோ இருந்து, அதில் கொஞ்சம் அழுக்கும் இருந்தால் நல்லது. வாங்கிய பிறகு பித்தளை தேய்க்கிற பிராஸோ பாலிஷைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், ஈரத்துணி போதும். ‘கோல்டு’ என்று போட்டிருந்தாலே விலையை ஏற்றுகிறார்கள். அது வீட்டுக்குக் கொடுத்த தரம்தான், உலோகம் பித்தளை. சாதா மெடலுக்கு 40 டாலருக்கு மேல் நான் தரமாட்டேன். காலிங் பெல் பொத்தானோடு சேர்ந்தே வந்த வகை ஒன்று உண்டு. அது மட்டும் பொத்தான் அசலாகக் கிடைத்தால் 70 வரை போகலாம், மாப்பிள்ளைக்குத் தெரியாமல்.