பரண்ல கெடந்த கேசட் கேமா, பிஎஸ் டூவா?

வேலூர் சத்துவாச்சாரி வீட்ட காலி பண்றப்ப பரண்லேந்து ரெண்டு டப்பா எறங்குச்சு, ஒன்னு மஞ்ச கேசட் போடுற டிவி கேம், இன்னொன்னு கருப்பு பிஎஸ் டூ, அதான் சிடி போட்டு ஆடுற சோனி பிளேஸ்டேஷன் 2. புது வீட்ல ஒன்னு வைக்கத்தான் இடம்னு வீட்டம்மா கறாரா சொல்லிட்டாங்க, அதான் இந்தப் பஞ்சாயத்து.

நாம கேசட் கேம்னு சொன்னது 1983ல நின்டென்டோ கம்பெனி ஜப்பான்ல விட்ட ஃபேமிகாம்ங்கற டிவி கேம் மெஷினோட காப்பி. ஒரிஜினல எங்க தெருவுல எவனும் கண்ணால பாத்தது இல்ல. கேசட் மேல 9999999 இன் 1னு போட்டிருப்பான், உள்ள பாத்தா பத்து கேம்கூட தேறாது, அதுங்களே வேற வேற பேர்ல சுத்தி சுத்தி வரும்.

ஆனா ரெண்டு பேர் சேந்து சுட்டுக்கினே போற கான்ட்ரா கேம் ஒன்னு போதுங்க. மே மாச வெயில்ல வேலூர்ல மத்தியானம் எவன் வெளிய போவான், நானும் மாமா பையனும் ஃபேன் அடியில உக்காந்துக்கினு ஆடுவோம், மூணாவது ஸ்டேஜ் அருவியில அவன் பாட்டுக்கு மேல தாவிக்கினே போவான், ஸ்கிரீன் மேல ஏற ஏற கீழ நிக்குற நான் செத்துடுவேன், அப்புறம் அவனுக்கு உயிர் தீந்துபோச்சுன்னா என் உயிர எடுத்துக்கினு திரும்ப வருவான். அதுக்கு சண்ட வந்து ஒரு வாரம் பேசாம இருந்தோம். இந்த மாதிரி சண்ட பிஎஸ் டூல வந்ததே இல்ல.

பிஎஸ் டூ 2000ல வந்தது, எங்க வீட்டுக்கு வர ரொம்ப வருஷம் ஆச்சு. பொருளா பாத்தா அதுதான் ஒசத்தி, மறுக்க முடியாது. பழைய பிஎஸ் ஒன் சிடியும் ஓடும், 8 எம்பி மெமரி கார்டு இருக்கு. கரன்ட் மணிக்கணக்கா போன அந்த 2011, 2012ல ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்ங்கற கேம சேவ் பண்ணி சேவ் பண்ணி ஆடுனேன். கேசட்ல அந்தப் பேச்சே கெடையாது, கரன்ட் போச்சா, மொதல்லேந்து ஆடு. ஆனா கான்ட்ராவே மொத்தம் 8 ஸ்டேஜ்தான, போனா போவுதுன்னு திரும்ப ஆரம்பிப்போம். சான் ஆண்ட்ரியாஸ்ல நான் ஆடுவேன், மத்தவன் வேடிக்க பாப்பான், அவ்ளோதான்.

சேகான்னு இன்னொரு கம்பெனி டிவி கேமும் உண்டு, அத ஆடுனதில்ல, அதனால பேசல.

ரிப்பேர்னு வந்தா கேசட்தான் கெத்து. கேசட் எடுக்கலன்னா ஊதுவோம் இல்ல, அது தப்பு, எச்சி ஈரம் பட்டு பின்னு துருப்புடிக்கும். பஞ்சுல கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு தொடச்சா போதும். பிஎஸ் டூல லென்ஸ் வீக் ஆச்சுன்னா சிடி சுத்தும், படம் வராது, என்னோடது இப்ப அந்த நெலமையிலதான் இருக்கு.

கேசட்டுக்கு ஒரே எடஞ்சல் டிவி. வாத்து சுடுற துப்பாக்கி டியூப் டிவியிலதான் வேல செய்யும், ஏன்னா ட்ரிகர் அழுத்துனதும் ஸ்கிரீன் ஒரு செகண்டுல சின்ன துண்டு நேரம் கருப்பாகி வாத்து இருக்குற எடம் மட்டும் வெள்ளையா மின்னும், அந்த வெளிச்சத்த துப்பாக்கி புடிக்கும். எல்ஈடி டிவிக்கு அந்த வேகக் கணக்கு ஒத்துவராது.

அதனால பிஎஸ் டூ காட்பாடியில தம்பி வீட்டுக்குப் போவுது. கேசட் என்கிட்டயே இருக்கும். அதுகூட அந்த 21 இஞ்ச் டியூப் டிவியும் வரப்போவுதுன்னு வீட்ல இன்னும் வாயத் தொறக்கல.