கோத்தகிரி குளிர்ல கிட்டாருக்கு லாக்கர் அடிக்க எந்த ஸ்ப்ரே செட்? மூணு விதமும் வாங்கி அடிச்சுப் பாத்துட்டேன்

வீட்டுக்குப் பின்னாடி ஒரு சின்ன ஷெட்ல கிட்டார் செய்றேங்க, வருஷத்துக்கு நாலு இல்ல அஞ்சு, எல்லாமே கைவேலைதான். முதுகும் சைடும் பெரும்பாலும் நம்ம மலைல வளர்ற பிளாக்வுட். ஆஸ்திரேலியால இதே மரத்துல அருமையான கிட்டாரா செய்றாங்க, இங்க விறகுக்குப் போகுது, பாக்கவே மனசு கேக்காது. மரவேலைல சந்தேகம்னா கேக்க ஆள் இருக்கு, ஆனா லாக்கர் (மரத்துக்கு மேல பூசற பளபளப்புப் பூச்சு) அடிக்க ஸ்ப்ரே செட் எது வாங்கறதுன்னு விசாரிச்சப்போ கிடைச்ச யோசனை எல்லாம் கீழ இருக்கறவங்க சொன்னது, அது மலை மேல அப்படியே ஒத்து வரலைங்க, அதான் எழுதறேன்.

முதல்ல வாங்கினது 1 எச்பி கம்ப்ரசர், 25 லிட்டர் டேங்க், கூட ஒரு எச்விஎல்பி கன், அதாவது கம்மி அழுத்தத்துல நிறையக் காத்து விட்டு அடிக்கற ஸ்ப்ரே கன். கோயமுத்தூர்ல ஒரு கடைல "தாராளமா அடிக்கும் தம்பி"ன்னு சொல்லிக் கொடுத்தாங்க. அடிக்கலை. அந்த மாதிரி கன்னுக்கு 10 சிஎஃப்எம்-க்கு (நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காத்துங்கற கணக்கு) மேல காத்து வேணும், 1 எச்பி தர்றது சுமார் 4 தான். அது போக கம்ப்ரசர் ஸ்டிக்கர்ல இருக்கற நம்பர் கீழ இருக்கற காத்துக்குப் போட்டது, 1,800 மீட்டர்ல காத்தோட அழுத்தம் கடல் மட்டத்துல இருக்கறதுல சுமார் 80 சதவீதம்தான், அதனால 4னு போட்டிருந்தா இங்க மூணேகால்னு வெச்சுக்கங்க. ட்ரிக்கரை அழுத்தி ஆறு செகண்ட்ல ப்ரஷர் இறங்கிடும், லாக்கர் பூவா விழாம துளித்துளியா விழும்.

அதை விட பெரிய தலைவலி தண்ணி. ஐப்பசி மாசம், காலைல இருந்து மிஸ்ட் இறங்கிட்டே இருக்கு, ஒரு பிளாக்வுட் முதுகுக்கு மூணாவது கோட் அடிச்சுட்டு இருக்கேன், கன் திடீர்னு ரெண்டு தடவை துப்புச்சு, கடுகு சைஸ்ல குழி குழியா விழுந்துச்சு, பத்து நிமிஷத்துல முதுகு முழுக்க வெள்ளையா பூத்துப் போச்சு. டேங்க் அடில இருக்கற வால்வைத் திறந்தா துருக் கலர்ல அரை டம்ளர் தண்ணி. இதுல ரெண்டு விஷயம் இருக்குங்க, குழி விழுந்தது ஹோஸ்ல வந்த தண்ணியால, பூத்தது ரூம்ல இருக்கற ஈரத்தால. தின்னர் வேகமா ஆவியாகறப்போ மேல்பரப்பு சில்லுன்னு ஆயிடும், மிஸ்ட் அதுமேல படியும். முதலாவதுக்கு மாய்ஸ்சர் ஃபில்டர், அதைக் கம்ப்ரசர் வாய்லயே மாட்டாதீங்க, சூட்டுக் காத்துல ஈரம் ஆவியாவே தாண்டிப் போயிடும், ஹோஸ்ல ஆறி வந்த பிறகு கன் பக்கம் மாட்டுங்க. ரெண்டாவதுக்கு ரிடார்டர், தின்னர் மெதுவா ஆவியாகறதுக்குக் கலக்கறது. எனக்கு 320 உப்புத்தாள்ல மொத்தத்தையும் தேய்ச்சு எடுக்க ரெண்டு நாள் ஆச்சு.

அப்புறம் குன்னூர்ல கார் பெயிண்ட் அடிக்கற அண்ணன் ஒருத்தர் சொல்லி 2 எச்பி, 50 லிட்டர் டேங்க், 1.3 எம்எம் நாசில் போட்ட எல்விஎல்பி கன் (கம்மி காத்துலயே அடிக்கறது) எடுத்தேன். இந்த கன்னுக்கு 4, 5 சிஎஃப்எம் போதும், கிட்டார் அளவுக்கு அருமையா விரியுது, காசுக்கு நல்ல செட்னா இதுதான். ஆனா மார்கழிக் காலைல ஆயில் கெட்டியா இருக்கும், லோ வோல்டேஜ் வேற, மோட்டார் முனகுமே தவிர சுத்தாது. டேங்க் வால்வைத் திறந்து வெச்சு ஸ்டார்ட் பண்ணி, நல்லா ஓட ஆரம்பிச்சதும் மூடினா எடுத்துக்கும்.

இப்போ ஒண்ணரை வருஷமா அடிக்கறது 4 ஸ்டேஜ் டர்பைன். டேங்க் கிடையாது, வேக்குவம் க்ளீனர் மோட்டார் மாதிரி உள்ள வரிசையா நாலு விசிறி (அதான் 4 ஸ்டேஜ்) சுத்தி காத்தைத் தள்ளுது, அந்தக் காத்து வெதுவெதுன்னு வருது, இதுதாங்க மலைக்குத் தேவையான விஷயம், இதுவரை ஒரு சொட்டு தண்ணி துப்பலை, பூக்கறதும் ரொம்பக் குறைஞ்சு போச்சு. ஆனா இங்க 3 ஸ்டேஜ் வாங்காதீங்க. டர்பைனும் இதே லேசான காத்தைத்தான் இழுக்குது, கீழ 8 பிஎஸ்ஐ அழுத்தம் தர்ற 4 ஸ்டேஜே இங்க ஆறு ஆறரைதான் தரும், 3 ஸ்டேஜ்ல லாக்கரைத் தண்ணியா கலக்கினாத்தான் விரியும், அப்போ சைடுல ஒழுகிடும்.

குறையும் இருக்கு. ஹோஸ் தடிமனா, விறைப்பா இருக்கும், ஈர லாக்கர் மேல உரசிடாம இன்னொரு கையால தூக்கிப் பிடிச்சே அடிக்கணும், கன் பக்கத்துல மட்டும் ஒரு வளையற துண்டு ஹோஸ் மாட்டின பிறகு கொஞ்சம் பரவால்ல. பத்து நிமிஷம் ஓடினா கைப்பிடி சுடும். சூட்டுக் காத்துல சில சமயம் லாக்கர் மரத்துல படியறதுக்குள்ளயே காஞ்சு, இடுப்பு வளைவுல சொரசொரன்னு ஆகும், மெதுவா காயற தின்னர் சேக்கணும். ட்ரிக்கர் விட்டாலும் காத்து வந்துட்டே இருக்கற மாடலை எடுக்காதீங்க, தரைல இருக்கற தூசியைக் கிளப்பி ஈரத்து மேல போடும். விலை ரெண்டாவது செட்டைப் போல மூணு மடங்கு, ஒரு கேஸ்கட் வர்றதுக்கு எனக்கு அஞ்சு வாரம் ஆச்சு. சாதா பெயிண்டர் கன்னுக்கு ஸ்பேர் மேட்டுப்பாளையத்துலயே கிடைக்கும்.

ஒண்ணு ரெண்டு கிட்டார்தான், தை மாசி வெயில்ல அடிச்சுக்கலாம்னா 2 எச்பியும் எல்விஎல்பியும் போதும், டர்பைனுக்குக் காசைப் போடாதீங்க. மழைக்காலத்துலயும் ஆர்டர் முடிச்சுக் குடுக்கணும்னா டர்பைன்தான். எதுல அடிச்சாலும் மெல்லிசா ஆறேழு கோட், தேய்ச்சு பாலிஷ் போட்ட பிறகு மொத்தம் 0.1ல இருந்து 0.15 எம்எம்முக்குள்ள நிக்கணும், அதுக்கு மேல போனா மேல்பலகை அதிராது, சத்தம் அமுங்கிடும்.

இன்னொண்ணு, இதை ரொம்பக் கவலையோட சொல்றேன். குளிருதுன்னு ஷெட்டை மூடிட்டு கணப்பு சட்டி வெச்சுட்டு லாக்கர் அடிக்கறவங்களை நேர்லயே பாத்திருக்கேன். நைட்ரோ செல்லுலோஸ் லாக்கர் ஆவி குப்புனு பத்திக்கும்ங்க. சட்டி, ஹீட்டர் எல்லாம் வெளிய போகட்டும், டர்பைன் பெட்டியும் கம்ப்ரசரும் சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும், ஹோஸ் மட்டும் உள்ள வந்தா போதும். மூஞ்சிக்குத் துணி மாஸ்க் பிரயோஜனமே இல்ல, கார்பன் கேட்ரிட்ஜ் போட்டதுதான் வேணும், கன் வாங்கற அன்னிக்கே அதையும் சேத்து வாங்கிடுங்க.